மார்பில் கட்டி தட்டுப்பட்டால்: புற்று அல்லாதவற்றைப் பற்றிக் கொஞ்சம்

போன வருடம் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஸ்கேன் ரிப்போர்ட். கடைசி வரியில் தடித்த எழுத்தில் 'பைராட்ஸ் 3' என்று இருந்தது. அதற்குக் கீழே அவள் ஒரே ஒரு வரி தட்டியிருந்தாள்: "சித்தி, மூணுன்னா மூணாவது ஸ்டேஜா?"

அவளுக்கு வயது 22. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ உருண்டையாகக் கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. ஒரு மாதம் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அப்புறம் அறைத்தோழியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரைப் பார்த்து, ஸ்கேன் எடுத்திருக்கிறாள். அந்த ஒரு மாதமும் அவள் எப்படித் தூங்கினாள் என்று நினைத்தால் இன்னும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மூன்றாவது ஸ்டேஜ் எல்லாம் இல்லை. அந்த எண்ணுக்கும் புற்றுநோயின் ஸ்டேஜுக்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்கேனோ மேமோகிராமோ (மார்பக எக்ஸ்ரே) பார்க்கிற டாக்டர், தான் கண்டதை மற்ற டாக்டர்களுக்குக் குழப்பமில்லாமல் சொல்வதற்காக வைத்திருக்கும் எண் வரிசைதான் பைராட்ஸ். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பு உருவாக்கியது. இப்போது நம்மூர் ஸ்கேன் சென்டர்களிலும் அதுதான் வழக்கம். 1 என்றால் ஒன்றுமில்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் அது புற்று இல்லை என்று படத்திலேயே தெளிவாகத் தெரிகிறது. 3 என்றால் அநேகமாகப் புற்று இல்லை. புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு அல்லது அதற்கும் குறைவு, எனவே ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். 4, 5 என்றால் திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். 4 என்று வந்தவற்றிலும் பல, சோதனைக்குப் பிறகு புற்று இல்லை என்று முடிவதுண்டு. 0 என்று போட்டிருந்தால் பலர் நிம்மதி அடைகிறார்கள். உண்மையில் அதற்குப் பொருள், இந்தப் படம் போதவில்லை, இன்னொரு படம் வேண்டும் என்பதுதான்.

அன்றைக்கு அவளுக்குப் போனில் சொன்னதை, சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

வயதைச் சொன்னால் பாதி விடை

மார்பகத்துக்குள் என்ன இருக்கிறது? ஒரு திராட்சைக் கொத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பழங்கள் இருக்கும் இடத்தில் பால் சுரக்கும் நுண்ணிய பைகள். காம்புகள் இருக்கும் இடத்தில் பாலைக் கொண்டுவரும் மெல்லிய குழாய்கள். இப்படி 15 முதல் 20 கொத்துகள் முலைக்காம்பை நோக்கி அமைந்திருக்கின்றன. இடைவெளியைக் கொழுப்பும் நார்த்திசுவும் நிரப்புகின்றன. இது கண்ணுக்குத் தெரியும் மார்போடு முடிந்துவிடுவதும் இல்லை, ஒரு வால்போலக் கக்கம் வரை நீள்கிறது.

இந்த உறுப்பு சும்மா இருப்பதே இல்லை. வயதுக்கு வரும்போது வளர்கிறது. ஒவ்வொரு மாதமும் மாதவிலக்குக்கு முன் கொஞ்சம் வீங்கித் தணிகிறது. கர்ப்பத்தில் பெருக்கிறது, பிள்ளை பால் மறந்ததும் சுருங்குகிறது. மாதவிலக்கு நிற்கும் வயதில் பால் சுரப்பித் திசு மெல்லக் கரைந்து, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. இத்தனை வேலை நடக்கிற இடத்தில் அங்கங்கே கொஞ்சம் கூடக்குறைய ஆவது இயல்புதானே. பிரிட்டனின் கார்டிஃப் நகரத்து அறுவை மருத்துவர் ஹியூஸும் அவருடைய சகாக்களும் 1987இல் லான்செட் மருத்துவ இதழில் இதைத்தான் எழுதினார்கள். மார்பகத்தில் வரும் புற்று அல்லாத தொந்தரவுகளில் பெரும்பாலானவற்றை நோய் என்று சொல்வதே தவறு. வளர்வதிலும் சுருங்குவதிலும் வரும் சிறு விலகல்கள் அவை என்றார்கள். எனக்கு இந்தப் பார்வை ரொம்பப் பிடிக்கும். பயந்துபோய் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் 'உனக்கு வியாதி' என்று சொல்லாமல், அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறது அது.

மார்பில் கட்டி என்று போய் நின்றால் டாக்டர் முதலில் வயதைக் கேட்பது இதனால்தான்.

பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் அதிகம் வருவது ஃபைப்ரோஅடினோமா. மார்பகம் வளரும் பருவத்தில், பால் சுரப்பிக் கொத்தில் ஓரிடம் மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்து உருண்டுவிடுகிறது. தொட்டால் வழுவழுவென்று ரப்பர் பந்துபோல இருக்கும், பெரும்பாலும் வலிக்காது. ஒரு விரலால் அழுத்தினால் நழுவி இன்னொரு பக்கம் ஓடும். ஓடுவதைப் பார்த்தே டாக்டர்கள் இதற்கு 'மார்பக எலி' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று சென்டிமீட்டர்வரை இருக்கும். ஒருத்திக்கே இரண்டு மூன்று இருப்பதும் உண்டு. கர்ப்பமானால் கொஞ்சம் பெருக்கலாம், மாதவிலக்கு நின்றபின் சுருங்கும். சில, தானாகவே மறைந்தும் போகும்.

அக்கா மகளுக்கு இருந்தது இதுதான். ரிப்போர்ட்டில் 18 மில்லிமீட்டர் என்று இருந்தது. முட்டை வடிவம், ஓரம் ஒழுங்கு, உயரத்தைவிட அகலம் அதிகம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசி விவரம் முக்கியம். இந்த மாதிரிக் கட்டி திசுவின் அடுக்குகளுக்கு நடுவே படுத்த வாக்கில் வளரும். புற்று அடுக்குகளைக் கிழித்துக்கொண்டு நின்ற வாக்கில் வளரப் பார்க்கும்.

ஃபைப்ரோஅடினோமா என்று உறுதியானால் அறுத்து எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. வேகமாக வளர்ந்தால், ரொம்பப் பெரிதானால், சோதனைகளில் சந்தேகம் இருந்தால், அல்லது அது இருப்பதே அந்தப் பெண்ணுக்கு மன உளைச்சலாக இருந்தால் எடுக்கலாம். ஆனால் நம் வீடுகளில் வேறொரு காரணம் சொல்லப்படுகிறது: "கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்துடுங்க, நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது." இது எனக்கு ஒப்பவில்லை. இந்தக் கட்டி இருந்தால் குழந்தை பிறக்காது, பால் கொடுக்க முடியாது என்பதெல்லாம் பொய். தேவை இல்லாத தழும்பை ஒரு பெண்ணின் உடம்பில் மாப்பிள்ளை வீட்டாருக்காகப் போட வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பார்க்க இதே மாதிரி இருந்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ மளமளவென்று பெரிதாகும் கட்டி ஒன்று உண்டு. பெயர் ஃபிலாய்ட்ஸ். பெரும்பாலும் நாற்பதுகளில் வரும். இதிலும் பெரும்பாலானவை புற்று இல்லைதான். ஆனால் மறுபடி முளைக்கும் குணம் உள்ளது என்பதால், சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள்.

மாதாமாதம் வரும் வலி

கட்டியைவிட அதிகமாகப் பெண்களை டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்துவது வலி. மாதவிலக்குக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே இரண்டு மார்பும் கனத்து, கை பட்டாலே வலிக்கும். பேருந்தில் யாராவது இடித்துவிட்டால் உயிர் போகும். தொட்டுப்பார்த்தால் துணிப்பையில் கொண்டைக்கடலையைக் கட்டிவைத்ததுபோல உள்ளே நெருடும், முக்கியமாகக் கக்கத்தை ஒட்டிய மேல்பகுதியில். விலக்கு வந்ததும் இறங்கிவிடும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்துக்குத் திசு காட்டும் பதில் இது. ரிப்போர்ட்டில் 'ஃபைப்ரோசிஸ்டிக்' என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லைப் பார்த்துக் கலங்க வேண்டாம். பாதிப் பெண்களுக்காவது வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இது இருக்கிறது.

உங்களுக்கு இப்படி வலி இருந்தால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் வலி இருக்கும் நாளில் ஒரு புள்ளி, விலக்கு நாளில் ஒரு வட்டம். மூன்று மாதம் போட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும். புள்ளிகள் எல்லாம் வட்டத்துக்கு முன்னால் கூட்டமாக விழுந்தால் அது ஹார்மோன் வலி. அளவு சரியாக உள்ள, நன்றாகத் தாங்கிப்பிடிக்கும் பிரா போடுவதே பலருக்குப் பாதி வலியைக் குறைக்கிறது. கடையில் போய் அளவு கேட்கக் கூச்சப்பட்டு, பத்து வருடமாக அதே அளவை வாங்கிக்கொண்டிருப்பவர்கள்தான் நம்மில் அதிகம். வலி தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் கேட்டு டைக்ளோஃபினாக் ஜெல் தடவலாம். ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரையை மாதக்கணக்கில் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆய்வுகளில் அதற்குப் பெரிய பலன் தெரியவில்லை, காசுக்குக் கேடு என்பது என் எண்ணம்.

புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறி, ஒரே இடத்தில் குத்தும் வலி என்றால் அது மார்பகத்தில் இருந்தே வராமல் இருக்கலாம். விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் வீக்கம் இருந்தாலும் மார்பு வலி போலவே தெரியும். அந்த எலும்பின் மேல் விரலை வைத்து அழுத்தினால் 'ஆ' என்று வலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். கட்டி எதுவும் இல்லாமல் வலி மட்டும் இருந்தால் அது புற்றாக இருப்பது மிக அரிது. இதற்கு மறுபக்கமும் உண்டு. வலிக்கவில்லை என்பதற்காக ஒரு கட்டியைச் சும்மா விட்டுவிடக் கூடாது.

நாற்பதை ஒட்டிய வயதில் நீர்க்கட்டி வரும். சினைப்பையில் வருவதைச் சொல்லவில்லை, இது மார்பில். சுரப்பித் திசு சுருங்கும்போது குழாயின் ஒரு பகுதி அடைபட்டு நீர் தேங்குகிறது. நேற்று இல்லாத கட்டி இன்று காலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு நின்று பயமுறுத்தும். ஸ்கேனில் உள்ளே கன்னங்கரேலென்று தெரிந்தால், வெறும் நீர் என்று டாக்டர் அங்கேயே சொல்லிவிடுவார். வலித்தால் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். வைக்கோல் நிறத்திலோ பச்சையாகவோ நீர் வரும், கட்டி கண் முன்னாலேயே அமுங்கிவிடும். நீரில் ரத்தம் கலந்திருந்தாலோ, நீர் போன பிறகும் கட்டி மிச்சமிருந்தாலோதான் அடுத்த சோதனை.

பால் கொடுக்கும் காலத்தில்

பிள்ளை பெற்ற வீட்டில் 'பால் கட்டிக்கிச்சு' என்ற பேச்சு வராமல் இருக்காது. மார்பு கல்லாகி, சிவந்து, காய்ச்சல் குளிரோடு வந்துவிட்டால் அது மார்பக அழற்சி. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, சீப்பின் முதுகாலும் உள்ளங்கையாலும் அழுத்தி உருவிவிடுவதுதான் நம் வீட்டுப் பெரியவர்களின் வைத்தியம். தாய்ப்பால் மருத்துவத்துக்கான சர்வதேச மருத்துவர் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை அப்படியே திருப்பிப் போட்டது. அழுத்தித் தேய்த்தால் உள்ளே வீக்கம் கூடுகிறது, நுண்ணிய குழாய்கள் நசுங்குகின்றன. குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள்; குழந்தைக்கு வேண்டிய அளவு மட்டும் ஊட்டுங்கள்; காலி செய்தே தீருவேன் என்று பம்பு வைத்து உறிஞ்சினால் உடம்பு இன்னும் அதிகம் சுரக்கும் என்கிறது. அந்த மார்பிலேயே பால் கொடுக்கலாம், குழந்தைக்குக் கெடுதல் இல்லை. ஒரு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும், ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். சீழ் கட்டிவிட்டால்கூட இப்போதெல்லாம் முதலில் கத்தியை எடுப்பதில்லை. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் உறிஞ்சுகிறார்கள்.

மல்லிகைப்பூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால் வற்ற வேண்டிய நேரத்தில், முக்கியமாகக் குழந்தை தங்காமல் போன தாய்க்கு, மார்பில் மல்லிகையை வைத்துக் கட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதை ஒரு மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து 1988இல் வெளியிட்டார்கள். பால் சுரப்பைக் குறைப்பதில் பூவும் ஈடு கொடுத்திருந்தது. அதனாலேயே, பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு வீக்கம் வாடட்டும் என்று மல்லிகையைக் கட்டாதீர்கள்.

பிள்ளை பெற்றுச் சில வருடங்கள் கழித்து வரும் இன்னொன்று இருக்கிறது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெயர் கிரானுலோமா வகை மார்பக அழற்சி. பெரிய, கெட்டியான, வலிக்கிற கட்டி. தோல் சிவந்து, சில இடங்களில் உடைந்து கசியும். தொட்டுப் பார்த்தாலும் ஸ்கேனில் பார்த்தாலும் புற்று மாதிரியே இருக்கும். அதனால் திசு எடுத்துப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. நம் நாட்டில் காசநோயும் மார்பகத்தில் இதே முகத்தோடு வரும். திசுவைக் காசநோய்க்கும் சோதிக்க வேண்டும். காசநோய் இல்லை என்றால் பெரும்பாலும் ஸ்டீராய்டு போன்ற மருந்துகளாலும் பொறுமையாலும்தான் ஆறும். பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். மறுபடி மறுபடி அறுத்தால் புண்தான் பெருகும். இது வந்த ஒரு தோழி, ரவிக்கைக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு எட்டு மாதம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினாள். "கேன்சர் இல்லைன்னு சொல்லிட்டாங்க, ஆனா யாரும் இது என்னன்னு சொல்லலக்கா" என்று அவள் சொன்னதை மறக்க முடியவில்லை. புற்று இல்லை என்பது நல்ல செய்திதான், ஆனால் வலியோடு இருப்பவளுக்கு அது மட்டும் பதில் ஆகாது.

காம்பில் கசிவு

கசிவு என்றால் டாக்டர் மூன்று கேள்வி கேட்பார். தானாக வந்து துணியில் கறை படிகிறதா, அழுத்தினால் மட்டும் வருகிறதா? ஒரு துளை வழியாகவா, பல துளைகள் வழியாகவா? என்ன நிறம்? இரண்டு பக்கமும் பல துளைகளில், பச்சையாகவோ பழுப்பாகவோ பிசுபிசுவென்று வந்தால், வயதாகும்போது குழாய்கள் விரிந்துகொள்வதால் வருவதாக இருக்கும். பால் கொடுக்காத நாளில் பால் போலவே வந்தால், ரத்தத்தில் பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினையும், தைராய்டையும் பார்ப்பார்கள். கூடவே, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறோமே டோம்பெரிடோன், அதுவே இப்படிப் பால் சுரக்க வைக்கும். மனநல மாத்திரைகள் சிலவும் அப்படியே. ஒரே துளையில், தானாக, ரத்தமாகவோ தண்ணீர்போலவோ வந்தால் காலம் கடத்த வேண்டாம். பெரும்பாலும் அது குழாய்க்குள் முளைத்த பாப்பிலோமா என்ற சின்ன மரு. ஆனால் புற்றும் இப்படி வருவதால் உறுதி செய்தே ஆக வேண்டும்.

கர்ப்பத்தில் கக்கம் வீங்கி வலிப்பது சிலருக்கு உண்டு. அங்கே மார்பகத் திசு கூடுதலாக இருந்து, அதுவும் பாலுக்குத் தயாராவதால் வருவது. மார்பில் பலமாக அடிபட்ட இடத்தில் கொழுப்பு செத்து, பிறகு கெட்டிக் கட்டியாகத் தங்குவதும் நடக்கும். வண்டியிலிருந்து விழுந்தது நமக்கு மறந்திருக்கும், டாக்டரிடம் யோசித்துச் சொல்ல வேண்டும்.

கை, படம், ஊசி

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு யாரும் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். கையால் பரிசோதனை, படம், தேவையானால் திசு. மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால்தான் நிம்மதி. நாற்பதுக்குள் என்றால் பெரும்பாலும் முதலில் அல்ட்ராசவுண்ட். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் எல்லாமே வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளை, அதனால் மறைந்துவிடும். திசு எடுக்க, மரத்துப்போகும் ஊசி போட்டு, கொஞ்சம் தடித்த ஊசியைச் செலுத்துவார்கள். ஸ்டேப்ளர் அடிப்பதுபோல 'டக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் தூக்கிவாரிப்போடும், வலிக்கு அல்ல. பைராட்ஸ் 3தான் என்றாலும், உறுதி செய்துகொள்ள அக்கா மகளுக்கும் டாக்டர் இதைச் செய்யச் சொன்னார். அதற்குள் விஷயம் தெரிந்து ஓடிவந்த அக்கா, "ஊசி குத்தினா பரவிடும்னு சொல்றாங்களே" என்று தடுத்தாள். பரவாது. இந்த ஒரு வதந்தியால் சோதனையைத் தள்ளிப்போட்டு நோயை முற்றவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

புற்று இல்லை என்று வந்த முடிவிலும் தரம் உண்டு. அமெரிக்காவின் நாஷ்வில் நகர மருத்துவமனைகளில் எடுத்த 10,000க்கும் மேற்பட்ட திசுச் சோதனைகளை மறுபடி ஆராய்ந்து 1985இல் ஒரு கட்டுரை வந்தது. புற்று இல்லாத முடிவு வந்த பெண்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குப் பிற்காலத்தில் புற்று வரும் வாய்ப்பு கூடவே இல்லை. சாதாரண நீர்க்கட்டி இந்தக் கணக்கில் சேரும். சாதாரண ஃபைப்ரோஅடினோமாவும் ஏறக்குறைய இதே மாதிரிதான். 'அடிபியா' என்ற சொல் ரிப்போர்ட்டில் இருந்தால் மட்டும் கதை வேறு. செல்கள் இயல்பு மாறிப் பெருகியிருக்கின்றன என்று பொருள். பிற்காலத்தில் புற்று வரும் வாய்ப்பு சுமார் நாலு மடங்கு கூடும் என்பதால், தவறாமல் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

கல்லாக, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுப் பழத் தோல்போலப் புள்ளிக்குழிகள், புதிதாக உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, ஆறாத காம்புப் புண், கக்கத்தில் நெறி, மாதவிலக்கு நின்றபின் புதிதாக வந்த கட்டி. இவற்றில் எது இருந்தாலும் அந்த வாரமே போய்விடுங்கள். மற்றபடி, எந்தக் கட்டியும் அடுத்த விலக்கு முடிந்த பிறகும் அப்படியே இருந்தால் காட்ட வேண்டும். நம் நாட்டில் மார்பகப் புற்று மேலை நாடுகளைவிடச் சுமார் பத்து வயது முன்னதாகவே வருகிறது. சின்ன வயசுதானே என்ற சமாதானம் செல்லாது.

பார்க்க வேண்டியது பொது அறுவைப் பிரிவு டாக்டரை. மகளிர் மருத்துவரிடம் போனாலும் அங்கேதான் அனுப்புவார். கூச்சமாக இருந்தால் பெண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள். இல்லையென்றால் நர்ஸ் கூடவே இருக்கச் சொல்லுங்கள். இரண்டும் உங்கள் உரிமை. முப்பது வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகத்தைப் பரிசோதித்துப் பார்ப்பது தேசியத் திட்டத்தில் இருக்கிறது; சர்க்கரை, பிரஷர் பார்க்கப் போகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை டாக்டர் முதலில் பார்ப்பது போன முறை இருந்த அளவைத்தான். அக்கா மகள் இப்போது நீல நிற ஃபைல் ஒன்று வைத்திருக்கிறாள். முதல் தாளில் 18 மில்லிமீட்டர். அதற்குப் பின்னால் திசுச் சோதனை முடிவு: ஃபைப்ரோஅடினோமா. ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் 17. இந்த முறை ரிப்போர்ட்டை முதலில் அம்மாவுக்குத்தான் அனுப்பினாள்.